பச்சை உப்பு போகும் வழி

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசுத் தொழிலைப் பற்றி நாம் படிக்கும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. ஒன்று, தீபாவளி இரவின் வானம். புகை, காற்று மாசு, உச்ச நீதிமன்றத் தடை என்று அந்தச் செய்தி போகும். மற்றொன்று, இடிந்து கிடக்கும் மருந்து அறை. இறந்தவர் எண்ணிக்கை, நிவாரணத் தொகை, உரிமம் ரத்து என்று அது போகும். முதலாவதைச் சுற்றுச்சூழல் என்றும் இரண்டாவதைத் தொழிலாளர் பாதுகாப்பு என்றும் பிரித்து வைத்துப் பேசிப் பழகிவிட்டோம். இரண்டுக்கும் வேறு வேறு அதிகாரிகள், வேறு வேறு வழக்குகள், வேறு வேறு நிபுணர்கள். ஆனால் சிவகாசியிலோ சாத்தூரிலோ வெம்பக்கோட்டையிலோ ஓர் அறையில் கையால் சலித்துக் கலக்கப்படும் உப்புதான் பிறகு எங்கோ ஒரு மொட்டை மாடிக்கு மேலே ஒளியாகவும் புகையாகவும் ஆகிறது. அந்த உப்பை மாற்று என்று வானத்தைப் பார்த்துச் சொல்லும்போது, அறையில் என்ன மாறும் என்றும் கேட்டாக வேண்டும். பேரியம் நைட்ரேட் மீதான தடையைச் சுற்றி நடந்த பொது விவாதத்தில் அந்தக் கேள்வி போதிய அளவு கேட்கப்படவில்லை என்பதே என் வாதம்.

தடையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் ஆகியவற்றின் சேர்மங்களைப் பட்டாசில் சேர்க்கக் கூடாது என்று 2017 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அர்ஜுன் கோபால் வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று வந்த தீர்ப்பு பேரியம் உப்புகளையும் சரவெடியையும் விலக்கி, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டது. தடையை மீறிப் பேரியம் புழங்குவதாகப் புகார் எழுந்து, சி.பி.ஐ.யின் சென்னைப் பிரிவு விசாரித்து அறிக்கை கொடுத்த பின், 2021 அக்டோபர் 29 அன்று நீதிமன்றம் தடையை மறுபடியும் வலியுறுத்தியது. மேம்படுத்திய கலவைகளில் பேரியத்தை அனுமதிக்கும்படி கேட்ட மனு 2023 செப்டம்பரில் தள்ளுபடியானது. சட்டம் தெளிவாக இருக்கிறது. அந்தச் சட்டம் கைவைத்த பொருள் எப்படிப்பட்டது என்பதில்தான் தெளிவு போதவில்லை.

சிவகாசி வட்டாரத்தில் பச்சை உப்பு என்று சொல்லப்படும் பேரியம் நைட்ரேட் பச்சை ஒளிக்காக மட்டும் சேர்க்கப்படுவது என்று வெளியூர்க்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். பச்சை போனால் போகட்டும், மற்ற நிறங்கள் இருக்கின்றனவே என்பது அவர்கள் எண்ணம். ஆனால் சாதாரணக் கம்பி மத்தாப்பு பச்சையாக எரிவதில்லை. வெள்ளியும் பொன்னுமாகப் பொறி சிதறுகிறது. அதிலும் தடைக்கு முன்பு பேரியம் நைட்ரேட்தான் முதன்மைப் பொருள். இரும்புத் தூளும் அலுமினியப் பவுடரும் எரிவதற்குத் தேவையான ஆக்சிஜனை அதுதான் கொடுத்தது. பட்டாசு காற்றை நம்பி எரிவதில்லை. காகிதக் குழாய்க்குள் இறுக அடைக்கப்பட்ட மருந்துக்குக் காற்று எட்டாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனை அது உப்பின் வடிவில் உள்ளேயே வைத்திருக்கிறது. வெடியுப்பு என்று நம் முன்னோர் அறிந்த பொட்டாசியம் நைட்ரேட் செய்வதும் இதே வேலைதான். ஆக, பேரியத்தை எடுத்தபோது போனது ஒரு நிறம் மட்டுமாக இல்லை. பல ரகப் பட்டாசுகளின் ஆக்சிஜன் சேமிப்பே இடம் மாற வேண்டி வந்தது.

ஆக்சிஜன் தரும் உப்புகள் எத்தனையோ இருக்க, தொழில் ஏன் இதைப் பிடித்துக்கொண்டது? நிறத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், முக்கியமான காரணம் அதன் வறட்சி. மழைக்காலத்தில் ஜாடியில் கல் உப்பு கசிவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் ஒவ்வோர் உப்புக்கும் உரிய ஓர் எல்லையைத் தாண்டினால் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். சோடியம் நைட்ரேட்டுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 74 விழுக்காடு. பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு 92ஐ ஒட்டி. பேரியம் நைட்ரேட்டோ காற்று கிட்டத்தட்ட முழு ஈரமாக இருந்தால் ஒழிய அசைவதில்லை. தண்ணீரில் கரைவதிலும் அதே வேறுபாடுதான்: 20 டிகிரி செல்சியஸில் 100 மில்லி தண்ணீரில் பேரியம் நைட்ரேட் சுமார் 9 கிராம் கரையும், பொட்டாசியம் நைட்ரேட் சுமார் 32 கிராம் கரையும், ஸ்டிரான்சியம் நைட்ரேட் 70 கிராம் அளவுக்குக் கரையும். கம்பி மத்தாப்புக்கு மருந்தைத் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, கம்பியை முக்கி, உலர்த்தி எடுக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த எண்கள் எவ்வளவு முக்கியம் என்பது புரியும். உலோகத் தூளுக்குப் பக்கத்தில் எவ்வளவு உப்பு கரைந்து நிற்கிறது என்பதை அவைதான் முடிவு செய்கின்றன.

இனி நெருப்புக்குள் போவோம். திரி எரிந்து மருந்தைத் தொட்டதும் என்ன நடக்கிறது? திடப்பொருள் திடப்பொருளோடு உரசிக்கொண்டு கிடக்கும் வரை வினை மெதுவாகவே நடக்கும். துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடம் மிகச் சிறியது. கலவையில் ஏதாவது ஒன்று உருக வேண்டும். கந்தகம் 115 டிகிரியை ஒட்டி முதலில் உருகுகிறது. பொட்டாசியம் நைட்ரேட் 334 டிகிரியில் உருகும். பேரியம் நைட்ரேட் உருக 590 டிகிரி வரை ஏற வேண்டும். உருகிய உப்பு உலோகத் தூளைச் சுற்றிப் படர்ந்துகொள்கிறது. தொடும் பரப்பு பல மடங்காகிறது. வினை பாய்ச்சல் எடுக்கிறது. இரண்டு உப்புகளைச் சேர்த்தால் தனித்தனியாக உருகும் வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே அவை உருகத் தொடங்கும் என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் நைட்ரேட்டும் தனித்தனியே 300 டிகிரிக்கு மேல்தான் உருகும். 60க்கு 40 என்று கலந்தால் 220 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். சூரிய வெப்ப மின்நிலையங்கள் இந்தக் கலவையைப் பெரிய தொட்டிகளில் உருக்கி வைத்து, பகலின் வெப்பத்தை இரவுக்குச் சேமிக்கின்றன. அங்கே பயன்படும் அதே இயல்பு மருந்து அறையில் ஓர் எச்சரிக்கை: கலவையில் ஓர் உப்பை மாற்றினால் பற்றிக்கொள்ளும் வெப்பமும் மாறும்.

உருகிய நைட்ரேட் மேலும் சூடேறினால் உடைகிறது. பேரியம் நைட்ரேட் உடையும்போது பேரியம் ஆக்சைடு மிஞ்சும். ஆக்சிஜனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வாயுவாக வெளியேறும். நைட்ரஜன் டை ஆக்சைடு பழுப்பு நிறம், மூச்சை அடைக்கும் நெடி. இந்த வாயுக்கள் அப்படியே வெளியே வந்துவிடுவதில்லை. சுடருக்குள் அலுமினியமும் கரியும் அவற்றிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, நைட்ரஜனில் பெரும்பகுதி தீங்கற்ற சாதாரண நைட்ரஜனாகத் திரும்பிவிடுகிறது. எரிபொருளும் உப்பும் சரியான விகிதத்தில் இருந்தால் இந்தப் பறிப்பு ஏறக்குறைய முழுமையாக நடக்கும். விகிதம் தவறினால் நைட்ரஜன் ஆக்சைடு மிஞ்சி வெளியேறும். கலவை செய்பவரின் தராசு, தெருவில் மூச்சிழுக்கும் ஆஸ்துமா நோயாளியின் நெஞ்சு வரை எட்டுகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

பச்சை எங்கிருந்து வருகிறது? பேரியம் ஆக்சைடு மட்டும் சுடரில் இருந்தால் வெளுத்த, மங்கிய மஞ்சள் பச்சைதான் கிடைக்கும். துலக்கமான பச்சைக்குக் குளோரின் வேண்டும். பி.வி.சி. பவுடர், குளோரினேற்றிய ரப்பர் போன்ற பொருள்களை மருந்தில் சேர்ப்பது இதற்காகத்தான். அவை எரிந்து குளோரினை விடுவிக்க, சுடரின் நடுவில் ஒரு பேரியம் அணுவும் ஒரு குளோரின் அணுவும் சேர்ந்த பேரியம் மோனோகுளோரைடு என்ற மூலக்கூறு உருவாகிறது. புட்டியில் அடைத்து விற்கக்கூடிய பொருள் இல்லை இது. சுடரின் வெப்பத்தில் மட்டும் உயிரோடு இருந்து, ஆறியதும் வேறு உருவம் எடுத்துவிடும் மூலக்கூறு. நாம் பார்க்கும் பச்சை ஒளி இதனுடையது. சிவப்புக்கு ஸ்டிரான்சியம் மோனோகுளோரைடு, நீலத்துக்குக் காப்பர் மோனோகுளோரைடு. உலோக ஹாலைடுகள் என்று பாடப் புத்தகம் சொல்லும் குடும்பம்தான் வாணவேடிக்கையின் வண்ணப் பெட்டி. நீலம் மட்டும் ஏன் எப்போதும் மங்கலாகவே இருக்கிறது என்று குழந்தைகள் கேட்பதுண்டு. காப்பர் குளோரைடு மூலக்கூறு சுமார் 1,200 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கிவிடும். ஒளியைக் கூட்ட வெப்பத்தைக் கூட்டினால் நிறம் செத்துப் போகும். உலகின் தேர்ந்த கலைஞர்களும் இன்னும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

குளோரைடுதான் வேண்டுமென்றால் குளோரைடையே நேரடியாகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். ஸ்டிரான்சியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் ஈரத்தைக் குடிக்கும் உப்புகள். கால்சியம் குளோரைடுக்குக் காற்றில் 30 விழுக்காடு ஈரப்பதமே போதும். அதோடு குளோரைடிடம் கொடுப்பதற்கு ஆக்சிஜன் கிடையாது. ஆகவே உலோகத்தை நைட்ரேட்டாகவும் குளோரினைப் பிளாஸ்டிக்காகவும் பிரித்து வைத்து, சுடருக்குள் மட்டும் அவற்றைச் சந்திக்க வைக்கிறார்கள். ஒரே பொருளில் உலோகம், ஆக்சிஜன், அறைக்குள் வறட்சி என்று மூன்றையும் தந்தது பேரியம் நைட்ரேட். மாற்றுத் தேடுவது கடினமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். முதலாளிகளின் பிடிவாதமும் ஒரு காரணமாக இருக்கலாம்; வேதியியல் அதைவிடப் பிடிவாதமானது.

சுடர் ஆறிய பிறகும் கதை தொடர்கிறது. பேரியம் மோனோகுளோரைடு பேரியம் குளோரைடாக இறுகுகிறது. ஆக்சைடு காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட் ஆகிறது. கந்தகம் எரிந்த இடத்தில் சல்பேட் உருவாகிறது. மூன்றும் பேரியம்தான், ஆனால் உடலுக்குள் மூன்றும் ஒன்றல்ல. பேரியம் சல்பேட் கரையாது. வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும் முன் நோயாளிக்குக் குடிக்கவே கொடுக்கிறார்கள். பேரியம் கார்பனேட் தண்ணீரில் கரையாவிட்டாலும் வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும். எலி மருந்தாகப் பயன்பட்டது அதனால்தான். கரைந்த பேரியம் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வழியை அடைக்கிறது; இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து தசைகள் தளர்கின்றன, இதயத் துடிப்பு தடுமாறுகிறது. பேரியம் என்ற பெயரைக் கேட்டதும் எல்லாம் ஒரே விஷம் என்று பயப்படுவதும் தவறு, எக்ஸ்ரேக்குக் குடிக்கிறார்களே என்று அலட்சியம் செய்வதும் தவறு.

புகையில் இருக்கும் குளோரைடுகளுக்கும் காற்றில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கும் இடையே இன்னொரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. சோடியம் குளோரைடுத் துகளின் மேல் நைட்ரஜன் டை ஆக்சைடு படிந்தால் உப்பு நைட்ரேட்டாக மாறி, நைட்ரோசில் குளோரைடு என்ற வாயு வெளியேறும். வெயில் பட்டதும் அது உடைந்து துடிப்பான குளோரின் அணுவைக் காற்றில் விடும். நைட்ரஜன் ஆக்சைடு நைட்ரிக் அமிலமாகிப் படிந்தால் குளோரைடு ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறும். கடற்கரை நகரங்களின் காற்றில் வேதியியலர்கள் நெடுங்காலமாக அறிந்த வினைகள் இவை. சுடருக்குள் நைட்ரேட் குளோரைடாக மாறியது. வானத்தில் அதே குளோரைடு வாகனப் புகையின் துணையோடு திரும்பவும் நைட்ரேட் ஆகிறது. வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடும் சும்மா போவதில்லை. அது அமோனியாவோடு சேர்ந்து, ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும் துகள்களாகி, பார்வையை மறைக்கும் மூட்டத்தைத் தடிக்க வைக்கிறது என்று சென்னை ஐ.ஐ.டி.யின் சச்சின் குந்தே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2021இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் விளக்கினார்கள். அவர்கள் பேசியது முக்கியமாகக் குப்பையும் பிளாஸ்டிக்கும் எரிவதாலும் தொழிற்சாலைகளாலும் வரும் குளோரைடைப் பற்றி. ஆனால் குளோரைடு எங்கிருந்து வந்தாலும் காற்று அதை ஒரே விதமாகத்தான் நடத்தும். பேரியத்தை எடுத்துவிட்டு, பி.வி.சி.யை அப்படியே வைத்துக்கொண்டு, இது தூய பட்டாசு என்று சொன்னால் அது பாதி உண்மைதான்.

ஆண்டுக்கு ஓரிரவு வெடிப்பதற்கு இவ்வளவு கணக்கா என்ற கேள்வி எழும். பட்டாசு வாங்குகிறவருக்கு அது ஓரிரவு. செய்கிறவருக்கு ஆண்டு முழுவதும். சலிக்கும்போது எழும் தூசி, கையில் ஒட்டும் பவுடர், கழிவு மருந்தைத் திறந்த வெளியில் எரிக்கும்போது எழும் புகை என்று நாள்தோறும் சேர்கிறது. ஆகவே பேரியத்தைக் குறைப்பதால் முதலில் நன்மை பெற வேண்டியவர் தலைநகரத்துக் குடிமகனைவிடத் திருத்தங்கலிலும் வெம்பக்கோட்டையிலும் வேலை செய்யும் பெண்தான். தடைக்கு நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். அந்த நியாயத்தை அவர் பக்கத்திலிருந்து யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதுதான் என் குறை.

அதே பெண் நிற்கும் அறைக்குள் இன்னொரு வினை காத்திருக்கிறது. அலுமினியம் தன்மேல் மெல்லிய ஆக்சைடுத் தோலைப் போர்த்திக்கொண்டு சாதுவாக இருக்கும் உலோகம். தூளாக்கி, நைட்ரேட்டோடு கலந்து, அதில் ஈரம் பட்டால் அந்தத் தோல் கரையத் தொடங்குகிறது. உள்ளே இருக்கும் உலோகம் தண்ணீரோடும் நைட்ரேட்டோடும் வினைபுரிந்து, அலுமினியம் ஹைட்ராக்சைடும் அமோனியாவும் காரமும் உண்டாகின்றன. உண்டான காரமே மிச்சத் தோலையும் கரைக்கும். வினை தன்னைத் தானே விரைவுபடுத்திக்கொள்ளும். வெப்பம் வெளியேற வழியில்லாத குவியலாக மருந்து கிடந்தால், யாரும் தொடாமலே அது பற்றிக்கொள்ளலாம். போரிக் அமிலத்தைச் சிறிதளவு சேர்த்துக் காரத்தை அடக்கி வைப்பது இதற்கான பழைய காப்பு. கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்காதே, மழை மூட்டத்தில் கலக்காதே, மருந்தில் மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் விலகிப் போ என்ற விதிகளுக்கெல்லாம் அடியில் இருப்பது இந்த ஒரு வினைதான். விபத்துச் செய்திகளில் வழக்கமாக வரும் உராய்வு என்ற காரணமும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. உராயும் புள்ளி ஒன்றில் ஒரு கணம் எழும் வெப்பம், அந்தக் கலவையில் எது எளிதில் உருகுமோ அதைத் தேடும்.

உப்பை மாற்றுவது வானத்தை மட்டுமல்லாமல் அறையையும் மாற்றும் என்பதற்கு வரலாற்றில் கசப்பான சான்று உண்டு. 1780களில் பிரெஞ்சு வேதியியலர் பெர்த்தொலே பொட்டாசியம் குளோரேட்டைக் கண்டறிந்தார். ஆக்சிஜனைத் தாராளமாகத் தரும் உப்பு. வெடியுப்புக்கு மாற்றாக இதைப் போட்டால் வெடிமருந்து வீரியம் பெறும் என்று 1788இல் பாரிஸை அடுத்த எஸ்ஸோனில் கலந்து பார்த்தார்கள். ஆலை வெடித்தது. இருவர் இறந்தார்கள், அங்கு வந்திருந்த வேதியியலர் லவாசியே தப்பித்தார். பின்னால் அதே குளோரேட் வாணவேடிக்கைக்கு நிறத்தைக் கொண்டுவந்தது, ஏனென்றால் ஆக்சிஜனைக் கொடுத்த பிறகு அதனிடம் குளோரைடு மிஞ்சுகிறது. சிவகாசியின் தீக்குச்சி முனையிலும் அதுதான் இருக்கிறது; அங்கே அதற்கு எதிரியான சிவப்பு பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டில் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் குளோரேட்டோடு கந்தகத்தைக் கலந்தால் கந்தகத்தில் இருக்கும் துளி அமிலமே போதும், கலவை தன் போக்கில் வெடிக்க. கந்தகமும் குளோரேட்டும் கலந்த பட்டாசுகளை மத்திய அரசு 1992 ஜனவரியில் தடை செய்தது அறையைப் பார்த்து எடுத்த முடிவு. 2018இன் முடிவு வானத்தைப் பார்த்து எடுத்தது. இரண்டு பார்வையும் ஒரே கண்ணில் இருந்திருக்க வேண்டும்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 35க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டி என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் பேசப்பட வேண்டியது உப்பின் உருகுநிலையா, உரிமம் பெற்றவர் அறைகளைப் பிறருக்கு விடும் உள்குத்தகையா? அனுமதித்ததைவிட அதிக ஆட்கள், அனுமதித்ததைவிட அதிக மருந்து, மரத்தடியில் வேலை, தீபாவளி நெருங்கும்போது வேக வேகமாகக் கலக்கும் அவசரம் ஆகியவை அல்லவா கொல்கின்றன என்பது அந்த மறுப்பு. உண்மை. எத்தனை பேர் சாகிறார்கள் என்பதை விதிமீறல்தான் தீர்மானிக்கிறது. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி காக்கப்பட்டால் ஒரு பொறி நான்கு குடும்பங்களோடு நிற்கும். மீறப்பட்டால் ஊரையே அழ வைக்கும். ஆனால் அந்தப் பொறி எழுமா என்பதை வேதியியல் தீர்மானிக்கிறது. விதிகள் மீறப்படும் இடத்தில் எளிதில் பற்றாத மருந்து இருப்பது ஒரு கூடுதல் காப்பு. எளிதில் பற்றும் மருந்து இருப்பது கூடுதல் ஆபத்து. ஆய்வாளர் எல்லா நாளும் எல்லா அறையிலும் நிற்க முடியாது. உப்பு எல்லா நாளும் அங்கே இருக்கிறது. உள்குத்தகையை ஒழிப்பதும் கலவையை ஆராய்வதும் ஒன்றுக்கொன்று மாற்று என்று பேசுவது இரண்டையும் செய்யாமல் விடுவதற்கே வழிவகுக்கும்.

வேதியியலைத் தொழிலாளர்களுக்குச் சொல்லி என்ன பயன், அவர்கள் படித்தவர்களா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்த மறுப்பை என்னால் மதிக்க முடியவில்லை. எந்தக் காற்றில் மருந்து கட்டி தட்டும், எந்தச் சல்லடையில் சூடு ஏறும் என்பதை மருந்து கலப்பவர் கை அறியும். அந்த அறிவு பழைய உப்போடு பல ஆண்டுகள் பழகிச் சேர்ந்தது. உப்பு மாறும்போது அந்த அறிவின் ஒரு பகுதி செல்லாததாகிவிடுகிறது என்பதுதான் யாரும் கவனிக்காத இழப்பு. பேரியம் நைட்ரேட் போட்ட மருந்து தாங்கிய ஈரத்தை ஸ்டிரான்சியம் நைட்ரேட் போட்ட மருந்து தாங்காது. நேற்று வரை சரியாக இருந்த பழக்கம் இன்று ஆபத்தாக மாறியிருப்பது, சொல்லாவிட்டால் கைக்குத் தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும். போர்மேன்களுக்குப் பயிற்சியும் தேர்வும் இருக்கின்றன. அங்கே கற்பிக்கப்படும் விதிகளோடு அவற்றின் காரணமும் சேர வேண்டும். காரணம் தெரிந்த விதியை ஒருவர் அவசரத்திலும் எளிதில் மீற மாட்டார்.

நாக்பூரில் உள்ள நீரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வகம் உருவாக்கிய பசுமைப் பட்டாசுகள் இந்தத் திசையில் ஒரு தொடக்கம். ஸ்வாஸ், ஸ்டார், சபல் என்ற பெயர்களில் வந்த கலவைகளில் முதலிரண்டும் வெடியுப்பையும் கந்தகத்தையும் தவிர்க்கின்றன; மூன்றாவது அலுமினியத்தைக் குறைக்கிறது. நுண்துகள் மாசு குறைந்தது 30 விழுக்காடு குறையும் என்பது அவற்றுக்கான அளவுகோல். பெட்டியின் மேல் கியூஆர் குறியீடும் உண்டு. இந்த 30 விழுக்காடு என்ற எண் செய்தித்தாள்களில் வந்த அளவுக்கு, புதிய கலவை எந்த ஈரப்பதத்தில் எவ்வளவு நேரம் தாங்கும், உராய்வில் பழையதைவிட எளிதில் பற்றுமா என்ற எண்கள் பொது வெளிக்கு வரவில்லை. வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் சிவகாசியிலேயே இருக்கிறது. உராய்வு, அதிர்ச்சி, வெப்பம் ஆகியவற்றைத் தாங்கும் திறனை அளக்கத் தெரிந்த துறை அது. அனுமதிக்கப்படும் ஒவ்வொரு கலவைக்கும் அந்த அளவுகளைப் பழைய பேரியக் கலவையின் அளவுகளுக்குப் பக்கத்தில் வைத்து, தமிழில் அச்சிட்டு, மருந்து அறையின் கதவில் ஒட்டச் செய்ய முடியும். பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை.

மாற்று இல்லவே இல்லை என்று சொல்லும் உற்பத்தியாளர்களுக்கும் பதில் உண்டு. 2011இல் அமெரிக்க ராணுவத்தின் பிக்காடின்னி ஆய்வகத்தில் ஜெஸ்ஸி சபாட்டினியும் உடனிருந்தோரும், போரான் கார்பைடையும் பொட்டாசியம் நைட்ரேட்டையும் கொண்டு பேரியமும் குளோரினும் இல்லாத பச்சை ஒளியை உண்டாக்கிக் காட்டினார்கள். இங்கே ஒளிர்வது உலோக ஹாலைடு கிடையாது; போரானும் ஆக்சிஜனும் சேர்ந்த மூலக்கூறு. பேரியத்தின் பச்சையளவுக்கு அது துலக்கமாக இருக்காது என்பதும், போரான் கார்பைடு விலை கூடிய பொருள் என்பதும் மெய்தான். ராணுவ விளக்குக்குக் கட்டுப்படியாகும் விலை, பத்து ரூபாய்ப் பென்சில் வெடிக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஆராய்ச்சி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு அது ஒரு சுட்டு. 1922இல் இரண்டு இளைஞர்கள் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போய்த் திரும்பியதிலிருந்து தொழிலில் வளரத் தொடங்கிய ஊர் சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழிலைத் தேடி வெளியே போனார்கள். இன்றைக்கு இங்கேயே பொறியியல் கல்லூரிகளும் கலைக் கல்லூரிகளின் வேதியியல் துறைகளும் இருக்கின்றன. அங்கே முதுகலை மாணவர் ஒருவர் தம் ஆய்வுக்குத் தலைப்புத் தேடினால், பேரியம் இல்லாத ஒரு கம்பி மத்தாப்பு மருந்தை எடுத்துக்கொள்ளட்டும். ஆடி மாதக் காற்றிலும் ஐப்பசி ஈரத்திலும் தனித்தனியாக அது எப்படி நடந்துகொள்கிறது, எத்தனை மணி நேரத்தில் சூடேறுகிறது, எரிந்தபின் சாம்பலில் எந்த உப்பு மிஞ்சுகிறது என்று அளந்து எழுதட்டும். அந்த மூன்று அளவையும் ஒரே ஏட்டில் வைத்துப் பார்க்க, மருந்து கலக்கும் அறைகள் காத்திருக்கின்றன.